கடைசியாகத் தொட்டது யார்?

மனித நாகரிகம் நெருப்பைத் தொட்டுப் பார்த்ததில் தொடங்கியது என்கிறார்கள். தொடங்கியிருக்கலாம். ஆனால் எதையுமே தொடாமல் இருந்து அந்த நாகரிகம் முழுமை பெற்ற இடம், நகரக் குடிநீர் அலுவலகத்தின் இரண்டாம் மாடிதான். அங்கே பணியாற்றிய பெருமக்களில் தலைசிறந்தவர் ஓர் உதவியாளர். அலுவலகமே அவரை 'நிதானம்' என்றுதான் அழைத்தது.

அந்த அலுவலகத்தைத் தாங்கி நின்றது 'கடைசிக் கை' என்னும் விதி. ஒரு பொருள் கெட்டுப்போனால், அதைக் கடைசியாகத் தொட்டவர்தான் கெடுத்தவர். எவ்வளவு எளிமை பாருங்கள்! சாட்சி வேண்டாம், வழக்கு வேண்டாம், மூளையும் வேண்டாம். ஒருமுறை நகலெடுக்கும் இயந்திரம் மூச்சை நிறுத்தியபோது, அதன்மேல் டீக் கோப்பையை வைத்திருந்த பாவத்துக்காக ஒருவரை வேறு ஊருக்குத் தூக்கியடித்தார்கள். அன்றிலிருந்து அங்கே மின்விசிறியைக் குடைக்கம்பியால் போடுவார்கள், கதவை முழங்கையால் தள்ளுவார்கள். காசாளர் அம்மாள் கால்குலேட்டரைப் பென்சிலின் பின்பக்கத்தால் தட்டுவார்.

நிதானம் இதையெல்லாம் தாண்டியவர். தன் பேனா, தன் நாற்காலி, தன் சாப்பாட்டு டப்பா ஆகிய மூன்றைத் தவிர அந்தக் கட்டடத்தில் எதன்மேலும் அவர் கை பட்டதில்லை. தலைமை உதவியாளர் பதவி அவரை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் வந்து சேரும் என்று பேச்சு.

இந்த நேரம் பார்த்துத்தான் கணினி படுத்துவிட்டது.

இரவோடிரவாக அதற்கு ஏதோ அப்டேட் வந்திருக்கிறது. காலையில் எல்லோரும் வந்து பார்த்தால், திரையில் 'வரவேற்கிறோம்' என்று ஒரு சொல், அதன் கீழே ஒரு வட்டம். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வரவேற்றதோடு சரி, உள்ளே விடவில்லை.

சும்மா கிடக்கிற கணினி என்றால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஊரில் எந்தத் தெருவின் தண்ணீரை மூடுவதானாலும் திறப்பதானாலும் உத்தரவு அதிலிருந்துதான் போகவேண்டும். ஒரு தெருவில் குழாய் உடைந்து, தண்ணீரை அடைத்து, வேலையும் முடிந்துவிட்டது. திறப்பதற்கு உத்தரவு போக வேண்டியதுதான் பாக்கி. வால்வுக்காரர் சாவியும் கையுமாக அந்த வால்வின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உத்தரவில்லாமல் திருகினால் கடைசிக் கை அவருடையதாகிவிடுமே!

அந்தத் தெருவில்தான் நிதானத்தின் வீடும் இருந்தது.

"என்னங்க, தண்ணி எப்ப வரும்?" என்று மனைவி போனில் கேட்டாள். "பாப்பாவுக்கு விடியக்காலையிலேர்ந்து வயித்தால போகுது. துணி மலையா குவிஞ்சு கிடக்கு. அவளக் கழுவி விடக்கூடத் தண்ணி இல்லீங்க."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. இங்க உயர்மட்ட ஆலோசனை நடக்குது."

"ஆலோசனைய வச்சு நான் பாப்பாவக் கழுவ முடியுமா?"

ஒன்றரை வயதுக் குழந்தை. நிதானத்துக்கு அந்த மகள் என்றால் உயிர். இதில் பொய் ஒன்றுமில்லை.

கணினி பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"இது சின்ன விஷயம் சார்" என்றார் அவர். "அப்டேட் பாதியில மாட்டிக்கிட்டிருக்கு. பவர் பட்டனை நல்லா அழுத்திப் பிடிங்க. மொத்தமா அணைஞ்சதும் விட்டுட்டு, திரும்ப ஒரு தடவ அழுத்துங்க. முக்காவாசி அதிலேயே எழுந்துக்கும்."

எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"யாரு அழுத்தணும்?" என்று மேலாளர் கேட்டார்.

"யாரு வேணா அழுத்தலாம் சார்."

"அப்படிப் பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. நீங்களே வந்து அழுத்துங்க."

"நான் வர ரெண்டு மூணு நாளாகும் சார். ஒரு பட்டனுக்காகவா..."

மேலாளர் வருத்தத்தோடு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார். காசாளர் அம்மாள் பென்சிலின் பின்பக்கத்தால் துண்டித்தார். 'தொடாமல் பழுதுநீக்கும் வழிகள்' குறித்து உடனே கூட்டம் கூடியது.

"முதல்ல ஒண்ணு தெரியணும். இதைக் கடைசியா யாரு தொட்டது?" என்றார் மேலாளர்.

"யாரும் தொடல சார். அப்டேட் தானா வந்துச்சு" என்றார் காசாளர்.

"தானா வர்றதுக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"அதைத்தான் அதுகிட்டயே கேக்கணும். அதுதான் பேச மாட்டேங்குதே!"

மின்சாரம் போகும்வரை காத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கடைசிக் கை மின்வாரியத்தினுடையதாகிவிடும் என்பதால் இதற்குப் பலத்த வரவேற்பு. ஆனால் அன்றைக்கென்று பார்த்து மின்சாரம் போவேனா என்று நின்றது. குடைக்கம்பியால் பட்டனை அழுத்தலாமே என்றார் இன்னொருவர். குடை யாருடையது என்ற கேள்வி எழுந்ததும் குடைக்காரர் அதை எடுத்துத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

"நிதானம், நீங்க என்ன சொல்றீங்க?"

நிதானம் எழுந்தார். பட்டன் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வலது கை தன்னையறியாமல் மேசைமேல் ஊர்ந்தது. குழந்தையின் முகம் கண்முன் வந்தது. கூடவே தலைமை உதவியாளரின் சுழல்நாற்காலியும் வந்தது. கையை இழுத்து, இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அவசரப்பட வேணாம் சார். வட்டம் இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு. உள்ளுக்குள்ள ஏதோ முயற்சி பண்ணுதுன்னு அர்த்தம்."

"ஆகா!" என்றார் மேலாளர். "இதுக்குப் பேருதான் பக்குவம்."

அப்போது பொதுமக்கள் நிற்கும் சன்னலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சார், எங்க தெருவுக்குத் தண்ணி எப்ப விடுவீங்க?"

நிதானத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இடுப்பில் துவண்டுபோன குழந்தையோடு அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் இதற்குமுன் அலுவலகப் பக்கம் வந்ததே கிடையாது.

மேலாளர் அவளுக்கு நிலைமையை, அப்டேட்டில் தொடங்கி வட்டம்வரை, பொறுமையாக விளக்கினார். பொதுமக்களுக்கு விளக்குவதில் அவருக்கு இணை அவர்தான்.

"அந்தப் பட்டன அழுத்தினா சரியாயிடுமா?"

"கொள்கையளவில் சரியாயிடும்மா."

அவள் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முழங்கையால் அல்ல, கையால்! யாரும் சுதாரிப்பதற்குள் பட்டன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். வட்டம் செத்தது. திரை இருண்டது. காசாளர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அவள் விரலை எடுத்தாள், மறுபடி ஒரு தடவை அழுத்தினாள். கணினி முனகியது, இருமியது, பிறகு எதுவுமே நடக்காததுபோல உள்ளே விட்டது.

அறையில் ஒரு மகிழ்ச்சி அலை கிளம்பி, பாதியிலேயே நின்றது. ஏனென்றால் மேலாளர் கையை உயர்த்தியிருந்தார்.

"யாரும்மா நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க? இங்க இருக்கிறவங்க யாருக்காவது சொந்தமா?"

சொந்தம் என்றால், கடைசிக் கை அந்தச் சொந்தக்காரரின் கணக்கில் ஏறும். இது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் நிதானத்தைப் பார்த்தாள். குழந்தையும் பார்த்தது. "அப்பா" என்று இரண்டு கைகளையும் நீட்டித் தாவியது.

நிதானத்தின் கைகள் பையைவிட்டு வெளியே வரவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா நிதானம்?"

"தெரியாதுங்க சார்."

அலுவலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. கடைசிக் கை வெளியாளுடையது. கணினிக்கு இனி என்ன ஆனாலும் அவள் பேரில் எழுதிவிடலாம், யார் வேண்டுமானாலும் தைரியமாகத் தொடலாம். காசாளர் அம்மாள் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு, வெறும் விரலாலேயே திறப்பு உத்தரவை அனுப்பினார். மேலாளர் நிதானத்தின் தோளில் தட்டினார்.

"பாருங்க, முன்னபின்ன தெரியாத குழந்தகூட இவரப் பாத்து அப்பாங்குது! எப்பேர்ப்பட்ட நம்பிக்கையான முகம்! தலைமை உதவியாளர் நாற்காலிக்கு வேற யாரு இருக்கா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நிதானம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிற குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தபடி அவள் கதவுவரை போய்விட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று மேலாளர் கேட்டு வைத்தார்.

"ஏம்மா, நீங்க இவரை இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அவள் நின்று, நிதானத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள்.

"இல்லீங்க சார். இப்பத்தான் முதல்முதலாப் பாக்கறேன்."