காந்தக் குகையில் என் வலது தொடை

மதிப்பிற்குரிய தாய்மாமா அய்யாவு அவர்களுக்கு,

ஜீவனஹள்ளியிலிருந்து உங்கள் அக்கா மகன் முகேஷ் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அத்திபெலேயில் நீங்களும் அத்தையும் வெல்டிங் பட்டறையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் செய்தால் கட் செய்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள். பேப்பரை பிளாக் பண்ண முடியாதுல்ல, அதான் கடிதம்.

மேட்டர் இதுதான். உங்க தொடையில இருக்கிற கட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கணும்னு டாக்டர் சொன்னதுக்கு, "உயிரோட பெட்டிக்குள்ள படுக்க மாட்டேன்"னு ஓடி வந்துட்டீங்க. அத்தை அழுவுது. அதனால நானே முன்னாடி போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். இங்க ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல நல்ல தசை எப்படித் தெரியுது, கட்டி எப்படித் தெரியுதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. நல்ல தொடை வேணும்னாங்க, குடுத்தேன். காலேஜைப் பாதியில விட்டவன்கிட்ட வேற என்ன இருக்கு?

அங்க பார்கவி மேடம்தான் எல்லாம். "மெட்டல் ஏதாவது இருக்கா?"ன்னாங்க. பெல்ட், சாவி, காப்பு எல்லாம் கழட்டிட்டு "இல்ல"ன்னேன். டிடெக்டர் என் இடுப்புகிட்ட வந்து கத்துச்சு. அத்தை கட்டின தாயத்து! கத்தரிக்கோல் போட்டுட்டாங்க, அத்தைகிட்ட மூச்சு விடாதீங்க. அப்புறம் பின்னாடி திறந்த கவுன் ஒண்ணு மாட்டி, படுக்க வெச்சு, "அல்லாடபேடி, ஆடவே கூடாது"ன்னு கன்னடத்துலயும் தமிழ்லயும் மிரட்டல். மாமா, நான் தியேட்டர்லயே ஆடாம உக்காந்தவன் இல்ல. மூக்கு அரிச்சுது, சொறிஞ்சேன். "முகேஷ், படத்துல உங்களுக்கு மூணு தொடை தெரியுது. திரும்ப எடுக்கணும்"னு மைக்ல குரல்.

"தசையிலயும் தண்ணி இருக்கு, கட்டியிலயும் தண்ணி இருக்கு. காந்தம் உலுக்கிவிட்டா, ரெண்டும் அடங்குற வேகம் வேற வேற. அதை வெச்சு கத்தி வைக்காமலே பார்க்கிறோம்"னு விளக்கினாங்க.

"என்னை மாதிரி அடங்காத தண்ணியும் உண்டா மேடம்?"

"வாயை மூடிட்டுப் படுங்க."

சத்தம்? உங்க கிரைண்டர் சத்தம்தான். அதுக்கு நடுவுல மதியம் குறட்டை விடுற ஆள் நீங்க. தொடைக்குன்னா கால்தான் முதல்ல போகும், தலை வெளியிலயே இருக்கும். கண்ணுல இரும்புத் தூள் போயிருக்கான்னு முன்னாடியே பார்ப்பாங்க, வெல்டிங் வேலைன்னு மறைக்காம சொல்லிடுங்க. எனக்கு பயமே இல்ல, ஜாலியா படுத்துட்டு வந்தேன். என் தொடை நார்மலாம். இந்த ஊர்ல என்னை நார்மல்னு சொன்னது இதுதான் முதல் தடவை. படத்தை அம்மா சாமி ரூம்ல மாட்டிட்டாங்க.

அத்தைக்கு வணக்கம். உங்க கோவத்துக்குத் தனியா ஒரு வணக்கம்.

இப்படிக்கு,
நார்மல் தொடைக்காரன்
முகேஷ்

பி.கு.: பயமே இல்லன்னது பொய். தலை வெளியில இருந்தும், உள்ள தள்ளினதுமே "எடுங்க, எடுங்க"ன்னு அலறினேன். ரெண்டாவது தடவையும். கடைசியில மேடம், கூட வந்திருந்த அம்மாவோட கம்மல், மெட்டியெல்லாம் கழட்ட வெச்சு, மெஷினுக்கு அந்தப் பக்கம் நிக்க வெச்சாங்க. அம்மா என் கால் கட்டை விரலைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. அப்புறம்தான் அடங்கினேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில உங்களுக்கு டைம் வாங்கிட்டேன். கூட ஒருத்தர் நிக்கலாமாம், நான் நிக்கறேன். நகத்தை மட்டும் வெட்டிட்டு வாங்க.