ஒரே ஒரு வெற்றி

"ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. போட்டது மூணு கோல். அதுல ரெண்டு நம்ம வலைக்குள்ளயே," என்றார் கல்லூரி முதல்வர்.

கால்பந்து கோச் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். உண்மையில் போட்டது நான்கு. அதில் மூன்று சொந்த வலைக்குள். இதைப் போய்த் திருத்துவானேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

"சனிக்கிழமை கடைசி ஆட்டம். அதையாவது ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா டீமைக் கலைச்சுட்டு, மைதானத்துல வண்டி நிறுத்த இடம் போட்டுடலாம். உங்களுக்கு லைப்ரரியில ஒரு நாற்காலி காலியா இருக்கு."

"சார், கடைசி ஆட்டம் கோப்பை வாங்கின டீமோட."

"அப்போ வண்டிக்கு எங்கெங்க கோடு போடலாம்னு நீங்களே பார்த்து வைங்க."

பதினாறு வருஷம் களை பிடுங்கி, தண்ணீர் விட்டு, கையாலேயே சுண்ணாம்புக் கோடு இழுத்த மைதானம். அதில் இனி கார்கள் நிற்கப் போகின்றன.

சீசன் முழுக்க அவர் செய்யாத வைத்தியம் இல்லை. கோல் காப்பவனை மாற்றினார். புதியவன் மரியாதை தெரிந்தவன், பந்துக்கு ஒதுங்கி வழிவிட்டான். பயிற்சியை இரண்டு மடங்காக்கினார். பையன்கள் ஆட்டத்துக்கு வரும்போதே நொண்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் வெறுத்துப்போய், "கோல் பக்கம் பந்து போனா யார் அடிச்சாலும் தடுங்கடா, அது போதும்" என்றார். அந்த ஒன்றுதான் அவர்கள் மண்டையில் ஏறியது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

"அந்த டீமுக்கு கோச் யாரு? எங்க அண்ணன்தானே. கோப்பைதான் கைக்கு வந்தாச்சே, இந்த ஒரு ஆட்டத்தை விட்டுக் கொடுத்தா அவருக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"மச்சான்கிட்டப் போய்க் கையேந்தச் சொல்றியா?"

"நீங்க ஏந்த வேணாம். நான் பேசுறேன்."

இரண்டு நாள் வீம்பாக இருந்தார். வியாழக்கிழமை இரண்டு பேர் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே நடந்தார்கள். மானம் போனால் போகட்டும், மைதானம் இருக்கட்டும் என்று வீட்டுக்கு வந்து, "சரி, பேசு" என்றார்.

மனைவி போனை வைத்துவிட்டு வந்தாள். "அண்ணன் குளிக்கிறாராம். அண்ணிகிட்ட விவரமாச் சொல்லிட்டேன். வந்ததும் சொல்றேன்னாங்க."

சனிக்கிழமை முதல்வர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அந்த டீமோடு கோச் மோதுவது இதுதான் முதல் தடவை. ஆட்டம் தொடங்கிய நிமிஷமே அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. எதிரணிக்காரன் ஒருவன் பந்து வருவதைப் பார்த்துத் துள்ளி விலகினான். அவர்களின் கோல் காப்பவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் குளிர்ந்த நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. இவ்வளவு பச்சையாகவா விட்டுக் கொடுப்பது? முதல்வருக்குக் கண் இல்லையா?

கேப்டனை ஓரத்துக்குக் கூப்பிட்டார். "அவசரப்படாதீங்க. கடைசி பத்து நிமிஷத்துல ஒண்ணு போட்டா போதும். அதுவரைக்கும் பந்தைச் சும்மா உருட்டுங்க."

"சார், கோல் காலியா இருக்கு சார்."

"இருக்கட்டும். சொன்னதைச் செய்."

டீமில் நேராக உதைக்கத் தெரிந்தவன் ஒருவன்தான், கழுகு என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. இரண்டு முறை உதைத்தான், இரண்டும் கம்பத்தில் பட்டுத் திரும்பின. இவனை விட்டால் ஏழெட்டு போட்டு மானத்தை வாங்கிவிடுவான் என்று பயந்து, கோச் அவனை வெளியே எடுத்துவிட்டார். எடுத்தவனைத் திரும்ப இறக்க முடியாது. கழுகு பெஞ்சில் உட்கார்ந்து அழுதான்.

கடைசி பத்து நிமிஷம் வந்தது. கோச் இரண்டு கைகளையும் ஆட்டினார். உருட்டியே களைத்த பையன்கள் மெல்ல நகர்ந்தார்கள். அப்போது எதிரணியின் தடுப்பாட்டக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு தன் கோலை நோக்கியே ஓடினான். கோல் காப்பவன் ஓரமாக உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ஓடிவந்தவன் உதைத்தான். பந்து காலி கோலை நோக்கி உருண்டது.

'மச்சான்னா மச்சான்தான்' என்று கோச்சுக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கே நின்றவன் நம் டீமின் மின்னல். பெயர்தான் மின்னல், அவன் வந்து சேர்வதற்குள் மழையே நின்றுவிடும். அந்த மின்னல் சீசனிலேயே முதல் முறையாகப் பாய்ந்து, சறுக்கி, கோட்டின் மேல் பந்தைத் தடுத்து வெளியே தள்ளினான். எழுந்து கோச்சைப் பார்த்துச் சிரித்தான்.

"யார் அடிச்சாலும் தடுக்கச் சொன்னீங்களே சார்."

ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. யாருக்கும் கோல் இல்லை, யாருக்கும் வெற்றி இல்லை.

முதல்வர் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தோக்காம இருந்ததுக்குச் சந்தோஷம். ஆனா நான் ஜெயிக்கத்தான் சொன்னேன். திங்கக்கிழமை கோடு போட ஆள் வருவாங்க."

கோச் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சும்மா வருகிற வெற்றியைக்கூட வாங்கிக்கொள்ளத் தெரியாத டீமை வளர்த்திருக்கிறோமே என்று நினைத்தார். எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிடுங்க மச்சான்," என்றார் கோச். "நீங்க அவ்வளவு விட்டுக் கொடுத்தும் எங்க பசங்களால முடியல."

"நான் என்னத்தை விட்டுக் கொடுத்தேன்?"

"உங்க வீட்டுல சொல்லலையா? வியாழக்கிழமை போன் பண்ணினோமே."

"அவளும் நானும் பேசி எட்டு நாளாச்சு மாப்பிள்ளை." மச்சான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார். "நீங்கதான் பெரிய மனசு பண்ணி, நல்லா ஆடுறவனையும் வெளிய எடுத்து என் மானத்தைக் காப்பாத்துனீங்க. கோப்பை விருந்துல சாப்பிட்டது ஒத்துக்காம எங்க பசங்க அத்தனை பேரும் படுத்துட்டாங்க. இன்னிக்கு ஆடினது எங்க காலேஜ் பாட்டுக் குழு."