எப்போதும்வென்றான் பக்கத்தில் ஓர் அரண்மனை

செல்போனில் இரண்டு விரலை வைத்து எதையும் பெரிதாக்கத் தெரிந்தவனுக்கு, சீக்கிரமே தானும் பெரிய ஆள் என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது. வந்தது சும்மா போகாமல் என் கல்யாணத்தையே கலைக்கப் பார்த்தது.

அப்போது நான் கோவில்பட்டியில், தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் போடும் வேலையில் இருந்தேன். மயிலும் கிளியும் வரைந்து அலுத்த நேரத்தில் செயற்கைக்கோள் படங்களைத் திறந்து, நம் கரிசல் காட்டில் பழைய கோட்டை ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடுவேன். பாளையக்காரர்கள் ஆண்ட சீமை அல்லவா? கோட்டை மண்ணோடு மண்ணாகப் போனாலும், மேலேயிருந்து பார்த்தால் சுவர் இருந்த தடம் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். (அரைகுறையாகத்தான் படித்திருக்கிறேன் என்பது பிற்பாடு தெரிந்தது.)

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எட்டயபுரத்துக் கோமதி. பார்த்த மாத்திரத்தில், கட்டினால் இவளைத்தான் என்று ஆகிவிட்டது எனக்கு. அவளுக்கும் சம்மதம். இழுத்தடித்தது அவள் அப்பாதான். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். "பையன் நல்ல பையந்தான். ஆனா குனிஞ்ச தல நிமிராம எந்நேரமும் போனையே நோண்டுதான். யோசிச்சுச் சொல்லுதேன்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே, எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு தரிசுப் புஞ்சையில் அதைக் கண்டேன். வெளிறிய நிலத்தில் கரும்பச்சையாகக் கட்டங்கள். ஒன்றையொன்று ஒட்டி, அளவெடுத்து வெட்டிய மாதிரி வரிசை வரிசையாக. உயரக் கோடுகள் போட்ட இன்னொரு வரைபடத்தைத் திறந்தால், அந்த இடம் சுற்றுவட்டாரத்தைவிடச் சற்று மேடு. பக்கத்திலேயே ஓடை. அறைகள், மேடு, அகழி! அரண்மனைக்கு வேறென்ன வேண்டும்? பழைய வருடங்களின் படங்களையும் புரட்டினேன். ஒரு வருடம் கட்டங்கள் வடக்கே இருந்தன. இன்னொரு வருடம் தெற்கே இருந்தன. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். நானோ, 'அடேயப்பா, எவ்வளவு பெரிய அரண்மனை!' என்று முடிவு கட்டினேன்.

விட்டேனா? படத்தின்மேல் கோடு போட்டு, தர்பார் மண்டபம், ஆயுதசாலை, அந்தப்புரம் என்று பெயர் எழுதி, உச்சியில் ஒரு கிரீடமும் வைத்து, லேபிள் அடிக்கிற பளபளப்புத் தாளில் நாலு கலரில் அச்சடித்து எடுத்துக்கொண்டு நேரே எட்டயபுரத்தில் கோமதியின் அப்பா முன்னால் போய் நின்றேன்.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஏன் தம்பி, இதையா போன்ல பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா சார்."

"நாளைக்கே போய்ப் பாப்போம். நெசம்னா மறுபேச்சு கிடையாது, தேதி குறிச்சிருவோம்" என்றார். பொய்யானால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"நானும் வாரேன்ப்பா" என்று உள்ளேயிருந்து கோமதியின் குரல் கேட்டது.

மறுநாள் காலையில், காரை ரோட்டோரம் விட்டுவிட்டு மூன்று பேரும் காட்டுக்குள் இறங்கினோம். மழை பெய்திருந்த கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பி, போகப்போக எல்லோரும் உயரமாகிக்கொண்டே போனோம். நான் முன்னால், போனை ஏந்தியபடி. "இங்கன அகழி சார், பாத்துக் கால வைங்க." (கணுக்கால் நனையாத ஓடை.) "இப்ப நாம ஆயுதசாலைக்குள்ள நிக்கோம். அடுத்தது அந்தப்புரம்." கண்ணைப் போனை விட்டு எடுக்கவே இல்லை. நான் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி அந்தப்புரத்து வாசலைத் தொட்டபோது, பக்கத்தில் 'ம்மே' என்று சத்தம் கேட்டது.

நிமிர்ந்தேன். படல்கள் கட்டி அடைத்த சதுரத்துக்குள் ஒரு மந்தை ஆடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஆட்டுக் கிடை! உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளைப் புஞ்சையில் அடைப்பார்கள். மறுநாள் படலைப் பிடுங்கி, ஒட்டினாற்போல அடுத்த இடத்தில் கட்டுவார்கள். புழுக்கை விழுந்த சதுரமெல்லாம் மழைக்குப் பிறகு கரும்பச்சையாகத் தழைக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் இடைசெவலில் சொந்தப் புஞ்சையில் வருஷா வருஷம் கிடை போடுவார்கள். டவுசர் போட்ட காலத்தில் அதில் விழுந்து புரண்டவன் நான். அதையே ஆகாயத்திலிருந்து காட்டியதும் ராஜா வீடு என்று கிரீடம் வைத்திருக்கிறேன்.

கோமதி கைவிட்டுப் போகிறாளே என்று அழுகை முட்டியது. 'கோட்டைக்கு மேலதான் சார் கிடை போட்டிருக்காவ' என்று அடித்துவிடலாமா என்றுகூட நாக்கு துறுதுறுத்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் புளுக வரவில்லை.

"சார், அரண்மனையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது ஆட்டுக் கிடை."

சார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஆடுகளைப் பார்த்தார். "அப்போ அந்தப்புரத்துல இருக்கிறது…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கோமதி துப்பட்டாவால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

ஆடுகளுக்குக் காவலிருந்த கிடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன அண்ணாச்சி, கரண்டு காத்தாடி போட எடம் பாக்க வந்திருக்கியளா?"

"இல்லய்யா, ராணியம்மாளப் பாக்க வந்தோம்" என்றார் சார்.

ஒருவழியாக எழுந்து, செருப்பு மண்ணைத் தட்டிவிட்டு என் தோளில் கையைப் போட்டார். "நெசத்தப் பட்டுன்னு சொன்னீங்க பாத்தீங்களா, அது போதும். வாங்க மாப்ள, டீ குடிப்போம்."

அதுவரை தம்பியாக இருந்தவன் அந்த வரப்பில் மாப்பிள்ளை ஆனேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். மழை பெய்த காட்டில் ஏது தூசி?)

போன வருஷம் வீடு கட்ட ஆரம்பித்தோம். இன்ஜினியர் வந்து மேஜையில் வரைபடத்தை விரித்தார். மாமா (அதே சார்தான்) குனிந்து பார்த்து, ஓர் அறையின்மேல் விரலை வைத்து நிதானமாகக் கேட்டார்: "மாப்ள, இதுல எத்தன ஆடு அடையும்?"

இன்ஜினியர் திருதிருவென்று விழித்தார். காபி டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்த கோமதிதான் என்னைக் கண்ணால் காட்டிப் பதில் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்ப்பா. அதுவும் இந்தா, இங்கனதான் நிக்குது."