அக்கா கேட்டதும் நான் ஸ்லைடு பற்றி எழுதுவதும்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். அத்தானின் முழங்கால் வலியும் என் மேல் உனக்குள்ள கோபமும் ஓரளவு தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

போனில் நீ, "கழுத்துல எடுத்த கட்டி என்னன்னு ரிசல்ட் வந்துச்சா இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுடா" என்று கேட்டாய். "லெட்டர் போடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் ஒழுங்காகப் பேச முடியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ரிசல்ட் வெள்ளிக்கிழமைதான் வரும். அதுவரை சும்மா இருக்க முடியாமல் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்லைடு. முப்பத்துநாலு வருஷம் பரிசோதனைக்கூடத்தில் அந்த வார்த்தைதான் எனக்குச் சோறு போட்டது. எனக்கு ஸ்லைடு என்றால் விரல் நீளக் கண்ணாடித் துண்டு, அதன் மேல் யாரோ ஒருவர் உடம்பின் மெல்லிய சீவல். ரிட்டையராகி மகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் உலகத்தில் பாதிச் சாமானுக்கு இதே பெயர் என்று தெரிந்தது.

மகள் வீட்டு பால்கனிக் கதவு ஒரு ஸ்லைடு. பக்கவாட்டில் நகர்த்த வேண்டியதை நான் முன்னால் தள்ளித் தள்ளி இரண்டு முறை மூக்கில் வாங்கிக்கொண்டேன். போன் அடித்தால் விரலால் ஸ்லைடு பண்ண வேண்டுமாம். நான் பண்ணினால் எதிர்ப்பக்கம் போய்க் கட்டாகிவிடுகிறது, மாப்பிள்ளை நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைக்கிறார். பேத்தி தலையில் குத்துவதும் ஸ்லைடு. போன வாரம் பூங்காவில் சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு, "தாத்தா வந்தாதான் இறங்குவேன்" என்று அழுதாள். ஏறினேன். அவள் என் மடியிலிருந்து எழுந்து தானாகவே சறுக்கிப் போய்விட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனைக்குச் சறுக்கவே இல்லை, பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டது. பின்னால் ஏழெட்டுக் குழந்தைகள் வரிசை. ஒரு அம்மா கீழேயிருந்து, "பெரியவரே, குழந்தைங்களுக்கு மட்டும்னு போர்டு இருக்கு, பாக்கலையா?" என்றார். "இங்கேருந்துதாம்மா தெரியுது" என்றேன். கடைசியில் பின்னால் இருந்த குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து முதுகில் கால் வைத்து உதைத்துத் தள்ளினார்கள்.

மகளுக்கு வெள்ளிக்கிழமை ஆபீசில் பெரிய மீட்டிங். அதற்காக ராப்பகலாகக் கம்ப்யூட்டரில் ஸ்லைடு தயார் பண்ணுகிறாள். "ஒரு ஸ்லைடுக்கு அஞ்சு வரிதாம்ப்பா. அதுக்கு மேல போட்டா யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள். என் ஸ்லைடில் ஒரு வரிகூட இருக்காது, வெறும் நம்பர்தான். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு குடும்பமே வராந்தாவில் காத்திருக்கும். "பாத்தீங்களா சார்? நல்லதா, கெட்டதா?" என்று என் முகத்தையே பார்ப்பார்கள். நான் முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு, "டாக்டரைக் கேளுங்க" என்பேன். அதுதான் விதி. தமிழில் நமக்குச் சறுக்குவது, வழுக்குவது, நழுவுவது என்று மூன்று இருக்கிறது. சறுக்கினால் அடிபடும், வழுக்கினால் ஊர் சிரிக்கும், நழுவினால் யாருக்கும் தெரியாது. நான் மூன்றாம் வகை.

ஒரு தையல்காரர், மனைவியின் ரிசல்டுக்காக நாலு நாள் வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் சட்டையில் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, பையிலிருந்து ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ரிசல்ட் கெட்டது என்று எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லக்கூடாதுதான், ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? அதுகூடச் செய்யவில்லை அக்கா. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் கட்டியும் நான் வேலை பார்த்த அந்தப் பழைய லேபுக்குத்தான் போயிருக்கிறது. நேற்று அதற்கான சீட்டில் கையெழுத்துப் போட அங்கே போனேன். என் இடத்தில் இப்போது இருக்கும் பெண், "உக்காருங்க சார், டீ சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போனார். நோயாளிகளுக்கு பெஞ்சு போட்டிருக்கிறது. பழக்கதோஷம், கால் தானாக உள்ளே போய்விட்டது. பழைய ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ராஸ்கோப் விளக்கையும் போட்டுவிட்டேன். தட்டில் ஸ்லைடுகள் வரிசையாக இருந்தன. மூன்றாவதில் இருந்த நம்பரும் என் சீட்டில் இருந்த நம்பரும் ஒன்று. விளிம்பைப் பிடித்து எடுத்து, கிளிப்பில் மாட்டினேன். ஆனால் குனிந்து பார்க்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, ஸ்லைடை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பெஞ்சுக்கு வந்துவிட்டேன். டீயோடு வந்த பெண்ணிடம், "டாக்டர் பாத்துட்டாரா?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை டாக்டரையே கேட்டுக்குங்க சார்" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. நல்ல வேலைக்காரி.

ஆகவே வெள்ளிக்கிழமை வரை எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்கும் தெரிய வேண்டியதில்லை. மகளிடம் வெறும் கொழுப்புக் கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீ உளறிவிடாதே. அத்தானைத் தனியாக விட்டுவிட்டு எட்டு மணி நேரம் பஸ்ஸில் முதுகு ஒடிய இங்கே புறப்பட்டு வர வேண்டாம். நான் தெம்பாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அத்தானுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். நேற்றே குனிந்து பார்த்தேன்தான் அக்கா. முப்பத்துநாலு வருஷம் பார்த்த கண், இதற்கு டாக்டரைக் கேட்கத் தேவையில்லை. கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறு. ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் வந்து உட்கார்.