தட்டிப் பார்த்து எடுத்த பாலிசி

"ஏங்க, அவர் பேசிட்டிருக்கார். சுவத்தைத் தட்டாதீங்க."

மனைவி பல்லைக் கடித்தாள். காண்ட்ராக்டர் விடவில்லை. காப்பீட்டு அலுவலகத்தின் சுவரை விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்டார்.

மாடி வைக்காத வீடுகளாகக் கட்டிப் பிழைத்தவருக்கு முதல்முறையாக ஏழு மாடிக் குடியிருப்பு வந்திருந்தது. கட்டிக் கொடுத்த பிறகு தூண் இறங்கினாலும் சுவர் பிளந்தாலும் செலவை ஏற்கும் பாலிசி ஒன்று நாளைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் வேலை மச்சினன் கம்பெனிக்குப் போய்விடும். உருப்படாத பாலிசியாக எடுத்தாலோ, பின்னால் ஒரு விரிசல் போதும், குடியிருக்கும் வீடும் போய்விடும்.

"பூச்சு விட்டிருக்கு," என்றார் காண்ட்ராக்டர்.

"சார், நான் பாலிசியைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்," என்றார் மேலாளர்.

"நீங்க சொல்றது வாய். இது சுவர். வாய் பொய் சொல்லும்."

நிரூபிக்க, சாவியால் லேசாக நெம்பினார். ஒரு முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து மேலாளரின் தேநீரில் விழுந்தது. வாசலைக் காட்டினார்கள்.

"நல்லாத்தானே சொன்னாரு. விரிசல் விட்டா மறுமாசமே பணம்னாரு," என்றாள் மனைவி தெருவில்.

"தன் சுவத்தையே காப்பாத்தாதவன் நம்ம சுவத்தைக் காப்பாத்துவானா?"

அடுத்த கம்பெனிப் படியேறும்போது அவள் சொன்னாள்: "கை ரெண்டும் பைக்குள்ள இருக்கணும்."

கை பைக்குள்ளேயே இருந்தது. குதிகாலால் தரையை மிதித்துப் பார்த்தார். ஓடு உள்வாங்கி, செருப்போடு கால் மாட்டிக்கொண்டது. காலை மீட்டார்கள், செருப்பை மீட்க முடியவில்லை.

"கையைத்தானே சொன்னே," என்றார் வெளியே வந்து.

"எந்தம்பிக்கு இப்பவே போன் பண்ணி வாழ்த்து சொல்லிடவா?"

மிச்சமிருந்தது ஒரே கம்பெனி. ஒற்றைச் செருப்போடு நொண்டியபடி வந்தவர் அதன் வாசலில் நின்றுவிட்டார்.

அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தூண்கள் வார்த்தெடுத்தவை போல நின்றன. சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து மூலையில் தொங்கவிட்டார். நூலுக்கும் சுவருக்கும் இடையே மயிரிழை பிசகு இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் அவர் பார்த்திராத நேர். தட்டினார்; மலையைத் தட்டியது போலிருந்தது. இருந்த ஒரு செருப்பையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார்.

மனைவியும் ஒரு தூணை ரகசியமாகத் தட்டிப் பார்த்தாள். "எங்கயும் சத்தம் மாறலைங்க," என்றாள்.

காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

"பொடி எழுத்துல பக்கம் பக்கமா என்னமோ இருக்கே," என்றாள் அவள்.

"எழுத்து கிடக்கட்டும். மேல பாரு, உத்தரமே இல்லாம இவ்வளவு அகலத்துக்குத் தளம் போட்டிருக்கான்."

அவளும் பார்த்தாள். பக்கம் புரட்டுவதை மறந்தாள்.

பாலிசியை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தவர், போக மனமில்லாமல் காவலாளியிடம் கேட்டார்: "ஐயா, ஒரு ஆபீசுக்கு இப்படிச் செலவு பண்ண எப்படி மனசு வந்துச்சு?"

காவலாளி பெருமையாகத் தூணைத் தடவிக் கொடுத்தார்.

"பணம் வெளிய போனாத்தானே சார். தொடங்குன நாள்லேருந்து ஒருத்தருக்கும் நஷ்டஈடு கொடுத்ததே இல்ல."