வரப்பில் வைத்த உப்பு

படித்த பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு வீடே நம்பினால், கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையும் நம்பித் தொலைக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். 2005இல் பாண்டிச்சேரியில் ஊடகப் படிப்பு, கடைசி வருடம். கால் தரையில் பட்டதாக நினைவில்லை.

பட்டம் வாங்க ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டும். நான் சினிமாஸ்கோப்பில் எடுப்பதாகச் சாரிடம் சொல்லிவிட்டேன். (அவர் கேட்கவேயில்லை.) தோழி ஸ்டெல்லாவின் மாமா, கிளியனூர்ப் பக்கம் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டர். படத்தைத் திரையில் அகலமாக விரிக்கப் புரொஜக்டரில் மாட்டும் அனமார்பிக் லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார்.

"ஆறரை ஆட்டத்துக்குள்ள வந்துடணும். இது இல்லன்னா ஹீரோ முருங்கைக்காயாட்டம் தெரிவாரு. ஜனங்க என்னை உரிச்சிடுவாங்க."

அதைக் கேமரா லென்ஸுக்கு முன்னால் கட்டினோம். கேமராவில் அதற்கு நேர்மாறான வேலை, அகலமான காட்சியை நெருக்கிக் கொடுக்கும். பின்னாலிருக்கும் கேமரா லென்ஸ் படமாக்கும். வம்பு என்னவென்றால், இரண்டுக்கும் தனித்தனி ஃபோகஸ் வளையம். இரண்டையும் ஒரே தூரத்துக்கு, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். இரண்டு பேர் சாம்பார் அண்டா தூக்குவது போலத்தான். ஒருத்தி முந்தினாலும் சாம்பார் தரையில்.

இடம், அம்மா வேலை பார்க்கும் மரக்காணம் உப்பளம். அம்மாவும் நான்கு பெண்களும் உப்புக்கூடையோடு வரப்பில் எங்களை நோக்கி வர வேண்டும். கேமராவிலிருந்து முப்பதடி, இருபது, பத்து, ஐந்து என்று நான்கு குறி. அம்மா ஒவ்வொரு குறியையும் தொட்டதும் முன்வளையத்தை நான் திருப்புவேன், பின்வளையத்தை ஸ்டெல்லா.

"குறி வைக்க ஒண்ணும் எடுத்தாரலியே" என்றாள் அவள்.

"உப்பளத்துல உப்புக்கா பஞ்சம்?" நான்கு இடங்களில் கைப்பிடி கைப்பிடியாக உப்பைக் குவித்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கேமரா ஓடியது. அம்மா முப்பதடிக் குறிக்கு வந்தாள், நின்றாள். தலைக்கூடை அசையாமல் குந்தி, அந்த உப்பை வழித்துக் கூடைக்குள் போட்டாள்.

"யம்மா, நடம்மா."

"உப்ப மிதிச்சா பாவம்டி."

"தெனமும் பாத்தியில மிதிக்கிறியே?"

"அது வேலை. இது வழி."

பின்னால் வந்த கஸ்தூரி அக்கா அம்மாவைத் தாண்டி ஓடி, மிச்ச மூன்றையும் வாரிக்கொண்டாள். "எவடி நடக்கிற வழியில கொட்டி வச்சது? கூறு கெட்டவ."

கூறு கெட்டவள் வளையத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இப்போது ஒரு குறிகூட இல்லை. எல்லோரும் நடந்தார்கள்.

"இருபது" என்றேன்.

"பத்து வந்துட்டாங்கடி" என்றாள் ஸ்டெல்லா.

ஆளுக்கொரு பக்கம் திருப்பினோம். மணி ஐந்து. மறுபடி எடுக்க நேரமில்லை. லென்ஸைக் கழற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம். கேமராவின் குட்டித் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது.

கம்ப்யூட்டரில் மறுபடி அகலமாக்கி, கல்லூரி டி.வி.யில் போட்டபோதுதான் தெரிந்தது. அம்மா வரவரக் கரைந்தாள். கடைசியில் ஐந்து கொழுக்கட்டைகள் எங்களை நோக்கி நடந்து வந்தன. பட்டம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

படம் முழுக்கத் தெளிவாக இருந்தது ஓரிடம்தான். இரண்டு வளையமும் ஆரம்பத்திலேயே ஒன்றாக நின்ற முப்பதடியில், அம்மா குந்தி உப்பை அள்ளியது.

"மத்ததெல்லாம் குப்பை" என்றார் சார். "ஆனா அந்த உப்ப அள்ளுறது பிரமாதம். நீ யோசிச்சு வச்சதா?"

"ஆமாங்க சார்."

பாஸ் போட்டுவிட்டார். அந்தப் பொய்யை வீட்டில் பெருமையாகச் சொன்னது என் அடுத்த தப்பு. "அவ எங்க படிச்சா? நான் குந்துனேன், டிகிரி குடுத்தாங்க" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். என் கல்யாணத்தில் போட்டோகிராபர் அவளை இரண்டடி முன்னால் வரச் சொன்னார். அம்மா நகரவில்லை.

"கீழ உப்பு எதுனா வச்சிருக்கியாப்பா?" என்று கேட்டாள்.

பாவம், அவர் மேடை முழுக்கத் தேடினார்.