வால்பாறையில் எனக்கொரு மகன்

ஜனவரி ஒன்றாம் தேதி, காலை ஏழு மணி. பல்லடம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தின் வாசலில் முந்நூறு பேர். உள்ளே புத்தாண்டுச் சித்தர். முகத்தைப் பார்த்தே குடும்பக் கதையைச் சொல்லி, இந்த வருஷம் எதைத் தொடங்கலாம், எதைத் தொடங்கக் கூடாது என்று உத்தரவு கொடுப்பார். "என் மூட்டுவலி வரைக்கும் சொல்லிப்போட்டாருங்க!" என்று போன வருஷம் ஊரெல்லாம் விளம்பரம் செய்த அறிவாளி யார்? நான்தான். பெயர் பாலகோபால், வயது ஐம்பத்திரண்டு.

எனக்கு வருஷம் பிறந்தால் நம்பிக்கையும் பிறந்துவிடும். டயரி வாங்குவேன், ஜனவரி நான்கு வரை எழுதுவேன். நடைப்பயிற்சிக்கு ஷூ வாங்குவேன். அதை மாட்டிக்கொண்டு பஜ்ஜிக் கடைக்கு நடப்பேன். இப்படித் தோற்றுத் தோற்றுக் கடைசியில் என் புது வாழ்க்கையைச் சித்தரிடமே ஒப்படைத்துவிட்டேன். கூடவே மகளின் வாழ்க்கையையும்.

லோகப்பிரியா எனக்கு ஒரே பிள்ளை. எரிந்துபோன பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டுவதில் கெட்டிக்காரி. சூலூரில் சொந்தமாகக் கடை போட ஆசைப்பட்டாள். போன வருஷம் சித்தர் "பொறு" என்றார். நான் பொறுக்க வைத்தேன். ஒரு வருஷம் அடுத்தவர் கடையில் காயில் கட்டினாள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால், இப்போது பார்த்திருக்கும் கடையும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"சித்தர் சரின்னா உடனே போட்றலாம் கண்ணு."

"வேண்டாம்னா?"

நான் வரிசையின் நீளத்தைப் பார்த்தேன்.

டோக்கன் நாற்பத்தொன்று. மனைவி மயிலாத்தாள் எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்தாள். சித்தருக்குச் சேவை செய்யும் சாமியாத்தாள் அக்கா சுக்குக் காபியோடு வந்தார். "ஏனுங்க, ஊட்டுல எல்லாம் சௌக்கியமுங்களா?"

எங்கள் ஊரில் ஒருவர் "ஏனுங்க" என்று ஆரம்பித்துவிட்டால், மூட்டுவலி முதல் மச்சினன் சண்டை வரை சொல்லி முடிப்பதுதான் மரியாதை. வாயைத் திறந்தேன். மகள் என் காலை மிதித்தாள்.

"போன வருசமும் இந்தக்காகிட்டப் பேசுனீங்களாப்பா?" என்று காதைக் கடித்தாள்.

"காபி குடுக்கறாங்க, பேசாம எப்படி கண்ணு?"

லோகப்பிரியா அக்காவிடம் டம்ளரை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "எங்கண்ணனை நெனச்சாத்தானுங்க கஷ்டம். வால்பாறை எஸ்டேட்ல இருக்கறானுங்க. அப்பாகூடப் பேச்சே இல்லீங்க."

"அடப் பாவமே, அம்மணி!" என்ற அக்கா, திரும்பி நின்று போனில் விறுவிறுவென்று எதையோ தட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி இருக்கும் இடத்தில் இப்படியா பொய் சொல்வாள்?

மயிலாத்தாள் பழத்தோடு வந்து சேர, மூவரும் உள்ளே போனோம். சித்தர் தம் முன்னிருந்த எலுமிச்சைத் தட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு கண்ணை மூடி மைக்கில் சொன்னார்.

"மலை தெரியுது... தேயிலை தெரியுது... அங்க ஒரு மகன். அப்பன் மேல கோவம். அவன் எறங்கி வர்ற வரைக்கும் இந்த ஊட்டுல எதையும் தொடங்கக் கூடாது."

மண்டபமே உச்சுக் கொட்டியது. மயிலாத்தாள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, வால்பாறையில யாருங்க?"

"ஐயோ, எவளும் இல்ல மயிலா!"

"சாமி பொய் சொல்லுமாங்க?"

இருபத்தேழு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவன் பேச்சு எடுபடவில்லை. தட்டைப் பார்த்துச் சொன்னவன் பேச்சு எடுபட்டது. நான் யாரிடம் போய் அழுவது? போன வருஷம் பெற்ற மகளை நம்பாமல் இதே தட்டை நம்பியவன்தானே நான்.

லோகப்பிரியா தட்டைச் சாய்த்தாள். எலுமிச்சைகள் உருண்டன. அவற்றுக்கு நடுவில், சித்தருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு போன். திரையில் இருந்ததை அவள் சித்தரின் மைக்கிலேயே வாசித்தாள்: "நாப்பத்தொண்ணு. அண்ணன். வால்பாறை. அப்பாகூடப் பேச்சில்லை." பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "காபிக்கார அக்காகிட்ட நான் சொன்ன பொய்யிங்க இது. எனக்கு அண்ணனே கெடையாதுங்க. நீங்க எல்லாரும் காபி குடிச்சீங்களா?"

சித்தர் பின்வாசல் வழியாகப் புது வாழ்க்கை தொடங்கினார். அக்கா காபித் தூக்கைக்கூட எடுக்காமல் பின்னாலேயே ஓடினார். கூட்டத்தில் ஒருவர், "டோக்கன் அடுத்த வருசம் செல்லுமாங்க?" என்று கேட்டார். நான் கேட்க இருந்ததை அவர் முந்திக்கொண்டார்.

வாசலில் லோகப்பிரியா சூலூர்க் கடையின் சொந்தக்காரருக்குப் போன் போட்டாள். "கடையை நானே எடுத்துக்கறேனுங்க, நாளைக்கே வாரேனுங்க." நாளைக்கு நாள் எப்படி என்று கேட்க எனக்கு நாக்கு அரித்தது. கேள்வியை விழுங்கிவிட்டேன்.

"ஒரு வருசம் வீணாப் போச்சேப்பா," என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

புத்தாண்டுக்குப் புதிதாக எதையாவது பயன்படுத்த நினைப்பவர்கள் கடைக்குப் போக வேண்டாம். தலைக்குள் ஒன்று இருக்கிறது. என்னுடையது ஐம்பத்திரண்டு வருஷமாக உறைகூடப் பிரிக்காமல் கிடந்திருக்கிறது. உங்களுடையதைப் பிரித்தாயிற்றா?